ஈரம் இருந்தும் மதியத்தில் வாடும் மகாகனிக் கன்றுகள், உதவுங்கள்

ஊத்தங்கரைத் தோட்டம்:
வணக்கம். நிழல்வலைக்குள் நன்றாக வளர்ந்த மகாகனிக் கன்றுகளைப் போன வாரம் வெட்டவெளிக்கு மாற்றினேன். காலையும் மாலையும் தண்ணீர் விடுகிறேன், பையில் ஈரம் நிற்கிறது. ஆனாலும் உச்சிக்கு முன்பே இலை தொங்கிவிடுகிறது. மேலிலைகளில் வெளுத்த திட்டு விழுந்து நடுவில் பழுப்பாகக் காய்கிறது. அடியிலைகள் பச்சையாகவே உள்ளன. மாலையில் நிமிர்கின்றன, ஆனால் ஒரு துளிர்கூட வரவில்லை. நோயா? யூரியா கொடுக்கலாமா?

பாலக்கோடு நர்சரி:
யூரியா வேண்டவே வேண்டாம் தம்பி. மேலிலை வெளுத்து அடியிலை தப்பியிருந்தால் பெரும்பாலும் அது வெயில் பட்ட புண். பிற்பகலில் பையின் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கறுப்புப் பை கொதித்தால் வேர் ஓய்ந்துவிடும், ஈரம் இருந்தும் இழுக்காது.

காட்டியல் மாணவி:
துளிர் வராத காரணத்தைச் சொல்கிறேன் அண்ணா. தண்ணீர் ஏறுவது குறைந்ததும் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். நீர் மிச்சமாகும், ஆனால் கரியமில வாயு உள்ளே வராமல் ஒளிச்சேர்க்கை படுத்துவிடும். நீராவி வெளியேறினால்தான் இலை குளிரும். அதுவும் நின்றால் காற்றைவிட இலை பல டிகிரி சூடாகும். வாங்கிய ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல் பச்சையம் சிதைகிறது, அந்த வெளுத்த திட்டு அதுதான். வெப்பமண்டல மரங்களில் இலைச்சூடு 46, 47 டிகிரி செல்சியஸை எட்டினால் ஒளியைப் பிடிக்கும் அமைப்பே குலையத் தொடங்கும். அதற்கு முன்பே சூடு ஏற ஏறச் சுவாசத்துக்கு ஆகும் செலவு கூடிவிடும். காலையில் சம்பாதித்தது மாலைக்குள் கரைந்தால் துளிருக்கு எது மிஞ்சும்? பெரிய மரத்துக்கு ஆழத்தில் வேர் உண்டு. கன்றுக்கு அந்தப் பை மண் மட்டும்தான்.

ஊத்தங்கரைத் தோட்டம்:
நன்றி தங்கச்சி. பையில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. கெட்ட இலைகளைக் கிள்ளிவிடலாமா?

பாலக்கோடு நர்சரி:
முழுக்கக் காய்ந்ததை மட்டும் கிள்ளுங்கள். வெளுத்த இடம் திரும்பாது, ஆனால் மிச்சப் பச்சை உழைக்கும். இன்றே 50 சதவீத நிழல்வலைக்குள் கொண்டுபோய், பைகளை நெருக்கி அடுக்கி, வெளிவரிசைக்கு மண் அணையுங்கள். தண்ணீர் விடியற்காலையில். துளிர் வந்த அப்புறம் காலை வெயிலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள். வெளிச்சத்தில் விரியும் இலை தடிப்பாக வரும், அது தாங்கும். நம் பக்கம் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை கூடுதல். நடவை அதுவரை தள்ளி வையுங்கள்.

காரிமங்கலம் வரப்பு:
இடையில் ஒரு கேள்வி ஐயா. என் தேக்குக் கன்றுகள் மொட்டையாக நிற்கின்றன. பிடுங்கிவிடலாமா?

பாலக்கோடு நர்சரி:
அவசரப்படாதீர்கள். நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. கோடையில் இலை உதிர்ப்பது தேக்கின் சுபாவம்.