வலிக்காமல் பல் ஊசி போடும் டாக்டர் தெரிந்தால் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 63 வயது. தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். இருட்டில் அட்டைக்கும் பாம்புக்கும் அஞ்சாதவர், பல் ஊசி என்றால் மட்டும் கை நடுங்கிப் போகிறார். முன்பு ஒரு கிளினிக்கில் கீழ்த்தாடையில் படக்கென்று ஊசி குத்தி, மரத்துப் போவதற்குள் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த வலி இன்னும் அவர் மனதை விட்டுப் போகவில்லை. இப்போது கடைவாய்ப் பல் சொத்தை. ராத்திரியில் தூக்கமில்லை, ஆனாலும் வர மறுக்கிறார்.

தேடிப் படித்தேன். ஈறில் மரப்பு ஜெல் தடவி ஓரிரு நிமிடம் விட்டு, பிறகு நிமிடத்துக்கு 1 மில்லி அளவில் மெதுவாக மருந்தைச் செலுத்தினாலே வலி நன்றாகக் குறையுமாம். அந்த வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் கருவியும் உண்டு. அட்ரினலின் சேர்ந்த லிடோகெயின் என்ற மரப்பு மருந்து அமிலத்தன்மை உள்ளது, அதனால்தான் எரிகிறது. சோடியம் பைகார்பனேட் கலந்து அதைத் தணிக்கும் முறையும் இருக்கிறது.

ஈப்போ, தைப்பிங் பக்கம் இப்படிச் செய்யும் டாக்டர் யாராவது இருக்கிறார்களா? எத்தனை ரிங்கிட் ஆகும்? அம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு, அதையும் கேட்டுப் பார்த்து, தமிழில் பொறுமையாகப் பேசுபவராக இருந்தால் ரொம்ப நல்லது. வீக்கம் வருவதற்குள் கூட்டிப்போக வேண்டும். சீழ் வைத்தால் மரப்பு மருந்து சரியாகப் பிடிக்காதாம். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.