ஃபுல் டேங்க் கணக்கில் மைலேஜ் ஒரு தடவை 14, அடுத்த தடவை 16: எதை நம்புவது?

வண்டலூர்வாசி:

வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். தினமும் வண்டலூர் – கிண்டி, ஜிஎஸ்டி ரோட்டு நெரிசல்தான். ஏசி எப்போதும் ஓடும். ஃபுல் டேங்க் அடித்து, ட்ரிப் மீட்டரை சைபராக்கி, அடுத்த ஃபுல்லுக்கு எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

412 கி.மீ., 28.6 லிட்டர் = 14.4
388 கி.மீ., 23.6 லிட்டர் = 16.4
441 கி.மீ., 28.1 லிட்டர் = 15.7

ரூட்டும் மாறவில்லை, ஓட்டும் ஆளும் மாறவில்லை. டிஸ்ப்ளே 16.9 காட்டுகிறது, கம்பெனி சொன்னது 22க்கு மேல். 28.6 லிட்டர் போட்டது மட்டும் வேறு பங்க். அங்கே அளவில் கை வைத்துவிட்டார்களா? இந்த ஐந்து எண்ணில் எதை நம்புவது?

ஓடோகணக்கு:

பங்க்காரரைச் சந்தேகப்படும் முன் உங்கள் இரண்டாவது வரியைப் பாருங்கள் சார். பதில் அங்கேயே இருக்கிறது.

மூன்றையும் கூட்டினால் 1241 கி.மீ., 80.3 லிட்டர். அதாவது 15.45. இதை உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ் என்று வைத்துக்கொண்டால் 412 கிலோமீட்டருக்கு 26.7 லிட்டர் பிடித்திருக்க வேண்டும். மீட்டரில் ஓடியது 28.6, அதாவது 1.9 லிட்டர் அதிகம். அடுத்த 388 கிலோமீட்டருக்கு 25.1 வேண்டும், பிடித்தது 23.6தான், 1.5 லிட்டர் குறைவு.

பங்கில் அளவு குறைந்திருந்தால் கணக்கு இப்படி வராது. மீட்டர் 28.6 என்று ஓடினாலும் டேங்க் நிரம்பிய இடத்தில்தானே நின்றிருக்கும்? பிறகு ஓடிய தூரத்துக்கு அடுத்த பங்கில் வழக்கமான 25 லிட்டர் பிடித்திருக்கும். பிடிக்கவில்லை. அப்படியானால் முதல் தடவை பெட்ரோல் நிஜமாகவே கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. ஆட்டோ கட் ஆன பிறகும் ரூபாயை ரவுண்டு பண்ணுவதற்காக நாசிலை அழுத்தி அழுத்தி ஊற்றியிருப்பார்கள். ஒரு தடவை ஏறி அடுத்த தடவை அதே அளவு இறங்கினால் அது நிரப்பியதில் வந்த வித்தியாசம். ஒரு பங்கில் மட்டும் ஏறி, அடுத்த தடவை சும்மா பழைய நிலைக்கே திரும்பினால்தான் அளவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆட்டோ கட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்த 2 லிட்டர் ஆச்சரியமாக இருக்காது. நாசில் முனையில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பெட்ரோல் பாயும் வேகத்தில் அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். பெட்ரோல் மட்டம் ஏறி ஓட்டையை அடைத்ததும் உள்ளே வெற்றிடம் உண்டாகி, டயஃப்ரம் இழுபட்டு லிவர் விழும். ஆக, நாசிலை எவ்வளவு ஆழமாகச் செருகினார்கள், எந்த வேகத்தில் ஓடியது, நுரை எழுந்ததா, தரை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, எல்லாமே கட் ஆகும் இடத்தை மாற்றும். டீசலில் நுரை அதிகம், அதனால் தொந்தரவும் அதிகம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முடிந்தவரை ஒரே பங்க், ஒரே மெஷின், வண்டி நிற்கும் திசையும் ஒன்றே. நாசிலை முழுதாகச் செருகி லிவரை கிளிப்பில் மாட்டி விடச் சொல்லுங்கள். முதல் கட்டிலேயே நிறுத்திவிடுங்கள். "ரவுண்டா போட்டுரட்டுமா சார்" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, சில்லறையை யுபிஐயில் தீர்த்துக்கொள்ளலாம். ரவுண்டு பண்ணுவதில் கணக்கு கெடுவது மட்டுமல்ல. பெட்ரோல் வண்டியில் டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா ஒன்று உண்டு, கழுத்து வரை நிரப்பினால் பெட்ரோல் திரவமாகவே அதற்குள் போய் அதைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று. 14.4, 16.4, 15.7 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள். உங்களுக்கு 15.5 வருகிறது, சரியான விடைக்குப் பக்கத்தில்தான், ஆனால் தூரங்கள் ஏறக்குறைய சமமாக இருந்ததால் தப்பித்தீர்கள். ஒரு தடவை 120 கி.மீ., இன்னொரு தடவை 600 என்று இருந்தால் விடை எங்கேயோ போய்விடும். மொத்த கி.மீ.யை மொத்த லிட்டரால் வகுப்பதுதான் முறை. அப்படிச் செய்தால் நடுவில் நடந்த அத்தனை ஃபுல்லின் ஏற்ற இறக்கமும் தானாகக் கழிந்துவிடும். தொடக்க ஃபுல்லுக்கும் கடைசி ஃபுல்லுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மிஞ்சும். அது 1.5 லிட்டர் என்றே வைத்தாலும் 80 லிட்டரில் 2 சதவீதத்துக்குள் அடங்கும், 300 லிட்டரில் அரை சதவீதம். ஒரே ஒரு ஃபுல்லை வைத்து "மைலேஜ் விழுந்துடுச்சு" என்று சர்வீஸ் சென்டருக்குப் போவது வீண்.

எம்ஏஎஃப்_எம்ஏபி:

மேலே சொன்னது சரி. டிஸ்ப்ளே எண்ணைப் பற்றி நான் சொல்கிறேன்.

டேங்கில் மட்டம் இறங்குவதைப் பார்த்து டிஸ்ப்ளே கணக்குப் போடுவதில்லை. இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறந்திருந்தது என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குத் தெரியும். ஒரு மில்லிசெகண்டுக்கு இவ்வளவு பெட்ரோல் என்று அதில் ஒரு எண் எழுதப்பட்டிருக்கும். பெருக்கிக் கூட்டி, ஓடிய தூரத்தை வைத்து மைலேஜ் காட்டும். அந்த எண் அந்த மாடலுக்கே பொதுவானது, உங்கள் வண்டியின் இன்ஜெக்டரை அளந்து எழுதியது அல்ல. பெரும்பாலும் மைலேஜைக் கூட்டிக் காட்டும் பக்கமாகவே சாயும். உங்களுக்கு 16.9க்கும் 15.45க்கும் 9 சதவீதம் வித்தியாசம், அதிசயம் ஒன்றும் இல்லை.

இதனால் டிஸ்ப்ளே குப்பை என்று அர்த்தமில்லை. ஒரே வண்டியில் அந்தப் பிழை பெரிதாக மாறாது. ஒவ்வொரு ஃபுல்லுக்கும் ஆவரேஜை ரீசெட் செய்து, டிஸ்ப்ளே எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். மொத்தக் கணக்கு ஆயிரம் கி.மீ. தாண்டியதும் ஒரு திருத்த எண் கிடைக்கும். உங்களுக்கு இப்போதைக்கு 0.91. அதற்குப் பிறகு இன்று காலை ஓட்டத்தில் என்ன கிடைத்தது என்று டிஸ்ப்ளேயைப் பார்த்து 0.91 ஆல் பெருக்கினால் போதும். ஃபுல் டேங்க் முறையால் ஒரு நாள் ஓட்டத்தை அளக்கவே முடியாது, டிஸ்ப்ளேயால் முடியும்.

வண்டியின் கணினியைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஈஎல்எம்327 என்ற சின்னக் கருவியை மாட்டி ஆப்பில் பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான ஆப்கள் இன்ஜெக்டர் நேரத்தைப் படிப்பதில்லை. உள்ளே போகும் காற்றின் எடையை எம்ஏஎஃப் சென்சாரிலிருந்து எடுத்து, ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும் என்பதால் 14.7 ஆல் வகுத்து பெட்ரோல் எடையைக் கண்டுபிடிக்கும். விநாடிக்கு 3 கிராம் காற்று என்றால் மணிக்கு ஏறக்குறைய 1 லிட்டர். இதில் மூன்று இடத்தில் தவறு வரும்.

முதலாவது, 14.7 என்பது சுத்தமான பெட்ரோலுக்கு. நமக்குக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20, அதற்கு 13.5 அளவில் போட வேண்டும். மாற்றாமல் விட்டால் செலவை 8 சதவீதம் அளவுக்குக் குறைத்துக் காட்டும். இரண்டாவது, நிறைய சின்ன கார்களில் எம்ஏஎஃப் கிடையாது, காற்றின் அழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சார்தான். அப்போது ஆப் இன்ஜின் சிசி, வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி (சிலிண்டர் கொள்ளளவில் எத்தனை சதவீதம் காற்று நிஜமாக நிரம்புகிறது என்பது) இரண்டையும் வைத்து ஊகிக்கிறது. சிசியை மாற்றாமல் ஆப் வந்தபடியே விட்டிருந்தால் எல்லாமே தப்பு. சரியாகப் போட்ட பிறகு எஃபிஷியன்சியை 80 சதவீதத்தில் தொடங்கி, ஃபுல் டேங்க் கணக்கோடு ஒத்து வரும்வரை நகர்த்தலாம். மூன்றாவது, கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜெக்டர் முழுதாக நின்றுவிடும், ஆனால் காற்று ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆப் அதையும் பெட்ரோலாக எண்ணும். டீசல் வண்டியில் காற்று–டீசல் விகிதமே நிலையாக இருக்காது, அதனால் இந்த வழி பயன்படாது.

கம்பெனி எண்ணை விட்டுவிடுங்கள். அது ரோலர் மேல் ஆய்வகத்தில் எம்ஐடிசி என்ற இந்திய சோதனைச் சுழற்சிப்படி ஓட்டி எடுத்தது. அதிகபட்ச வேகமே 90 கி.மீ. அதில் ஏசி இல்லை, தாம்பரத்தில் கால் மணி நேரம் நிற்பதும் இல்லை. இரண்டு மாடல்களை ஒப்பிட உதவும், உங்கள் ரூட்டுக்கு அல்ல.

இ20 பற்றி யாராவது கேட்பீர்கள் என்பதால்: எத்தனால் ஒரு லிட்டரில் உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை, பெட்ரோலுக்கென்று வடிவமைத்து இ10க்கு ட்யூன் செய்த கார்களில் 6–7 சதவீதமும், இ10க்கு வடிவமைத்து இ20க்கு ட்யூன் செய்த கார்களில் 1–2 சதவீதமும் மைலேஜ் குறையும் என்றது. 15இல் 6 சதவீதம் என்றால் 0.9. ஒற்றை ஃபுல்லின் பிழையே அதைவிடப் பெரிது, எனவே "நேத்து வரைக்கும் 16, இ20 வந்ததும் 14" என்கிற பதிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சைடுவால்:

லிட்டரையே எல்லாரும் பேசுகிறீர்கள், கிலோமீட்டர் சரியா என்று யாரும் கேட்கவில்லை.

டயர் சைஸ் மாற்றியிருந்தால் ஓடோ பொய் சொல்லும். 165/80 ஆர்14 டயரின் விட்டம் 620 மி.மீ. கடைக்காரர் பேச்சைக் கேட்டு 185/65 ஆர்14 போட்டால் 596. ஓடோ கிட்டத்தட்ட 4 சதவீதம் கூடுதலாக ஓடும், மைலேஜும் ஏறினமாதிரி தெரியும். டயரையே மாற்றாவிட்டாலும் 8 மி.மீ. பட்டன் (டயரின் மேல் உள்ள ரப்பர் கட்டைகள்) 1.6 மி.மீ. வரை தேய்ந்தால் விட்டத்தில் 13 மி.மீ. போய்விடும், அது 2 சதவீதம். சரிபார்க்க நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டர் கல் எண்ணி ஓட்டுங்கள், அல்லது ஜிபிஎஸ் தூரத்தோடு ஒப்பிடுங்கள். ஜிபிஎஸ் என்றால் நேரான சாலையில். சந்து பொந்தில் அதுவும் வளைவுகளை வெட்டிவிடும்.

காற்றை டயர் சூடாவதற்கு முன் பாருங்கள், டிரைவர் கதவு ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு.

வண்டலூர்வாசி:

அளவு விஷயம் தெளிவு. சில சமயம் கையில் இருக்கிற 500, 1000 ரூபாய்க்குத்தான் போட முடிகிறது. அப்போது கணக்கு போச்சா? அந்தப் பங்கை எப்படித்தான் சோதிப்பது?

ஓடோகணக்கு:

போகாது. எத்தனை தடவை 500க்குப் போட்டாலும் ரசீதில் உள்ள லிட்டரை இரண்டு தசமத்தோடு எழுதிக்கொண்டே வாருங்கள். விலை மாறிக்கொண்டே இருப்பதால் ரூபாயை மட்டும் எழுதினால் பின்னால் லிட்டர் தெரியாது. அடுத்த ஃபுல் அடிக்கும்போது நடுவில் போட்ட எல்லா லிட்டரையும் அதோடு சேர்த்து, முந்தைய ஃபுல்லிலிருந்து ஓடிய தூரத்தை வகுக்க வேண்டும். ஃப்யூலியோ மாதிரி ஆப்களில் "ஃபுல் டேங்க்" என்ற கட்டத்தை அரைகுறை நிரப்பலுக்கு டிக் எடுத்துவிட்டால் அதுவே இதைச் செய்யும். ஒரு தடவை எழுத மறந்திருந்தால் மறந்ததாகவே குறித்து, அந்த இடைவெளியை மொத்தக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ட்ரிப் மீட்டரை நம்பாமல் ஓடோவையே எழுதுவது நல்லது, வீட்டில் யாராவது ட்ரிப்பை அழுத்திவிடுவார்கள்.

ரிசர்வ் விளக்கு எரிவதிலிருந்து அடுத்து எரிவது வரை எண்ணும் பழக்கம் பைக்கில் டேப் திருப்பும் காலத்தில் ஓரளவு சரி. காரில் டேங்குக்குள் மட்டம் காட்டும் மிதவை ஆடும், மேம்பாலம் ஏறினாலே விளக்கு எரியும்.

பங்க் சோதனை: ஒவ்வொரு பங்கிலும் எடையளவுத் துறை முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலம் இருக்கும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் ஊற்றிக் காட்ட வேண்டும். மீட்டர் 5.00 காட்டும்போது கழுத்துக் கோட்டிலிருந்து 25 மில்லிக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது. அது அரை சதவீதம்தான், உங்கள் டேங்க் கணக்கில் அந்த அளவு கண்ணுக்கே தெரியாது. கலத்தை முதலில் ஒரு தடவை நனைத்து, கவிழ்த்து வடியவிட்டு, சமதரையில் வைத்துத்தான் அளக்க வேண்டும், காய்ந்த கலத்தில் முதல் தடவை கொஞ்சம் குறைவாகவே காட்டும்.

இருபொருள்:

சிஎன்ஜி மாட்டியவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அங்கே ஃபுல் என்பது 200 பார் அழுத்தம். நிரப்பும்போது சிலிண்டர் சூடானால் அதே அழுத்தத்தில் எடை குறைவாகத்தான் ஏறும், பங்கில் அழுத்தம் குறைந்த நேரத்தில் 170லேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் பல நிரப்பல்களின் மொத்த கிலோவைத்தான் எடுக்க வேண்டும். வண்டி பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி பிறகு கேஸுக்கு மாறும் என்பதால் பெட்ரோல் லிட்டரையும் தனி வரிசையில் எழுதுங்கள். இரண்டு கிலோமீட்டர் ஓட்டமே அதிகம் உள்ளவர்களுக்கு அந்தத் தொகை சின்னதாக இருக்காது.