உளமும் தோலும்: துறைக்கு என்ன பெயர்?

ந. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். மன உளைச்சலுக்கும் தோல் நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி நோயாளிகளுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. இதை ஆராயும் துறையான 'சைக்கோடெர்மட்டாலஜி'க்கு என்ன போடலாம்? இப்போதைக்கு 'உளத்தோலியல்' என்று வைத்திருக்கிறேன்.

க. எழுதியது:
'உளத்தோல்' என்றால் உளத்தினது தோல் என்றல்லவா விரியும்? உளமும் தோலும் என்று உம்மைத்தொகையாகக் கொண்டால் ஒற்று மிகாது. 'மெய்ப்பாட்டுத் தோலியல்' என்று வையுங்கள். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதற்குத் தொல்காப்பியர் ஓர் இயலே ஒதுக்கியிருக்கிறார். பிரிவுத் துயரில் மேனியில் படரும் பசலை வேறென்ன?

ம. எழுதியது:
ஐயா, பசலைக்கு என்னிடம் களிம்பு இல்லை :-) தோல் மருத்துவராகச் சொல்கிறேன், பெயர் எதுவானாலும் சரி, கையேட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருத்துங்கள். 'மனஅழுத்தத்தால் உண்டாகும் காளாஞ்சகப்படை' (சொரியாசிஸ்) என்று இருக்கிறது. அழுத்தம் மட்டுமே அதை உண்டாக்குவதில்லை. அந்த வாகு உள்ளவருக்குக் கிளப்பிவிடும், இருப்பதை முற்றவைக்கும். 'மனத்தால் வந்தது' என்று அச்சில் பார்த்தால், 'எல்லாம் உன் கற்பனை' என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். கற்பனை இல்லை. உளைச்சலில் கார்டிசால் போன்ற ஹார்மோன்களின் அளவு மாறுகிறது, தோலின் நரம்பு முனைகள் அழற்சியைத் தூண்டும் பொருள்களை விடுகின்றன, மேல்தோலின் காப்பும் தளர்கிறது. அரிக்கும், சொறிந்தால் இன்னும் அரிக்கும், தூக்கம் போகும், அப்புறம் அதுவே அடுத்த உளைச்சல். கருவில் மேல்தோலும் நரம்பு மண்டலமும் ஒரே படலத்திலிருந்துதான் உருவாகின்றன.
'மனஅழுத்தம்' வேண்டாமே. மனச்சோர்வையும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

த. எழுதியது:
மனமே வேண்டாம். அது வடசொல். உளம் போதும்.

க. எழுதியது:
முன்னுதல் என்றால் கருதுதல். முன் – மன் – மனம் என்று தமிழாகவே கொள்வாரும் உண்டு. தோலுக்கும் வேர் சொல்கிறேன்: தொலித்தல், உமி நீக்குதல், தொலி, தோல். 'உளைச்சல்' மிகப் பொருத்தம். கைகால் உளைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரே சொல்தானே.

ந. எழுதியது:
நேரம் இல்லை. 'உளம்சார் தோல் மருத்துவம்' என்று போட்டுவிட்டேன். தனிமடலில் மூவர் சரி என்றார்கள். இரண்டாம் பக்கமும் திருத்தியாயிற்று.

த. எழுதியது:
துறைப்பெயரில் 'இயல்' எங்கே? என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன்.

ம. எழுதியது:
திட்டுத்திட்டாக முடி கொட்டுவதற்குப் 'புழுவெட்டு' என்பது அப்படியே இருக்கட்டும், அந்தப் பெயர்தான் எல்லாருக்கும் தெரியும். புழு எதுவும் இல்லை, உடலின் எதிர்ப்பாற்றலே முடியின் வேரைத் தாக்குகிறது என்று ஒரு வரி மட்டும் சேருங்கள்.

க. எழுதியது:
'உளஞ்சார்' என்றுதான் புணரும்.