மரி அந்துவானெத் ஓவியத்தில் தொட்டில் ஏன் வெறுமையாக இருக்கிறது?

கேள்வி:
எலிசபெத் விஜே லெ ப்ரன் 1787இல் வரைந்த, பிரெஞ்சு அரசி மரி அந்துவானெத் தம் பிள்ளைகளுடன் அமர்ந்திருக்கும் ஓவியத்தின் நகலைச் சில நாட்களாக உற்றுப் பார்த்து வருகிறேன். சிவப்பு வெல்வெட் உடையில் அரசி, மடியில் சின்னஞ்சிறு மகன், தோளில் சாய்ந்து தாயின் முகத்தை அண்ணாந்து பார்க்கும் மகள். மூத்த மகன் சுட்டிக்காட்டும் தொட்டிலில் மட்டும் குழந்தையைக் காணவில்லை. இதற்கு என்ன பொருள் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி:
அந்தத் தொட்டில் கடைசி மகள் சோஃபிக்கு உரியது. 1786 ஜூலையில் பிறந்த அக்குழந்தை, ஓராண்டு நிறைவதற்குச் சில வாரங்களே இருக்கையில், 1787 ஜூனில் இறந்துவிட்டது. ஓவியம் அப்போது முடிவடையும் நிலையில் இருந்ததால், தொட்டிலை நீக்காமல் வெறுமையாகவே விட்டிருக்கிறார்கள். அரண்மனையின் பெருமையைக் காட்ட எழுந்த படத்தில் ஒரு தாயின் இழப்பு இப்படி வெளிப்படையாக இடம்பெற்றது, என் பார்வையில், அக்காலத்து அரச ஓவியங்களில் மிக அரிது.

இரண்டாவது மறுமொழி:
மேலே சொன்னது சரி. ஆனால் இந்த ஓவியம் எழுந்த சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1785இல் வெர்ட்முல்லர் வரைந்த, அரசி தம் இரு பிள்ளைகளுடன் தோட்டத்தில் உலவும் படம் வரவேற்புப் பெறவில்லை. அதே ஆண்டில் வெடித்த வைர அட்டிகை விவகாரத்தில், தாம் வாங்கவே இல்லாத, ஏறத்தாழ 16 லட்சம் லிவர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) மதிப்புள்ள நகைக்காக அரசியின் பெயர் ஊரெங்கும் கெட்டது. எனவே அவரை ஆடம்பரப் பெண்ணாக அல்லாமல் அரச வாரிசுகளின் தாயாகக் காட்ட வேண்டியிருந்தது. அவர் கழுத்தை நீங்கள் கவனித்தீர்களா? அதில் அட்டிகை எதுவும் இல்லை. நகைப்பேழையோ பின்னணியின் இருளில் ஒதுங்கி நிற்கிறது. அவருடைய செல்வம் பிள்ளைகளே என்று படம் சொல்லாமல் சொல்கிறது.

அந்த முயற்சி பலிக்கவில்லை. அரசுக் கருவூலம் வற்றிப்போயிருந்த 1787இல் மக்கள் அரசியைப் 'பற்றாக்குறைச் சீமாட்டி' என்று பழித்தார்கள். இந்த ஓவியம் இடம்பெறவிருந்த பாரிஸ் கண்காட்சி தொடங்கியபோது அது உடனே வைக்கப்படாமல் வெற்றிடமாக இருந்ததைக் கண்டு, 'இதோ பற்றாக்குறை' என்று ஏளனம் செய்ததாகச் சொல்வார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் உளமார்ந்த நன்றி. கழுத்தை நான் கவனிக்கவே இல்லை. இப்போது பார்த்தால் கண் முதலில் அங்கேதான் செல்கிறது. தொட்டிலைச் சுட்டும் அந்தச் சிறுவன் பின்னாளில் என்னவானான்?

மூன்றாவது மறுமொழி:
லூயி ஜோசஃப் 1789 ஜூன் 4 அன்று, ஏழு வயதில், நோயால் இறந்தான். அதன்பின் அந்த ஓவியத்தைக் கடந்து செல்லும்போதெல்லாம் அரசி கண்ணீர் விட்டதாகவும், அதனால் அதைச் சுவரிலிருந்து இறக்கச் சொன்னதாகவும் ஓவியர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதே ஆண்டு அக்டோபரில், பிரெஞ்சுப் புரட்சியின்போது, மக்கள் கூட்டம் வெர்சாய் அரண்மனைக்குள் புகுந்தபோது படம் தப்பியதற்கு, அது அங்கே மாட்டப்பட்டிருக்காததே காரணம் என்று அவர் நம்பினார். நால்வரில், தாயின் தோளில் சாய்ந்திருக்கும் மகள் மரி தெரேஸ் ஒருவர்தான் முதுமை வரை வாழ்ந்தார்.