செயற்கை ட்ரெட் (சடைமுடி போல முறுக்கிய பொய்முடித் திரி) வைத்துப் பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். போன பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு ஜெர்மனியில் இருக்கும் லைப்சிக் நகருக்குப் போயிருந்தேன். 1992-இல் தொடங்கிய வேவ் கோதிக் ட்ரெஃபென் என்ற இசை விழா நடக்கும் நேரம். ட்ராமில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்குக் கறுப்பும் நியான் பச்சையுமாக இடுப்புவரை ட்ரெட். பார்த்துக்கொண்டே நின்றதில் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

அப்புறம் கனேகலான் என்ற செயற்கை முடி இழை வாங்கி, எதிர்ப்பக்கமாகச் சீவிச் சிக்காக்கி, முறுக்கி, நீராவி காட்டி இரண்டு செய்து பார்த்தேன். ஒன்று பரவாயில்லை, இன்னொன்று எலிவால். நடுவில் மடித்து, சொந்த முடியின் வேர்ப்பக்கம் சேர்த்துப் பின்னும் இருமுனை வகை. நம் சவுரிக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் ராத்திரி கழற்றி ஆணியில் மாட்ட முடியாது, வாரக்கணக்கில் தலையிலேயே கிடக்கும்.

நீங்கள் முதலில் எப்படி ஆரம்பித்தீர்கள்? எடுத்ததுமே முழுத்தலையா, பின்பக்கம் நாலைந்து மட்டுமா? என் முடி மெல்லிசு, நெற்றியோரம் இழுத்துக் கொட்டிவிடுமோ என்று பயம். கனேகலானைவிடக் கம்பளி ட்ரெட் பாரம் குறைவா? தலைக்குக் குளித்தால் உள்ளே காய எவ்வளவு நேரம் ஆகும்? வீட்டில் அம்மாவை எப்படிச் சமாளித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அதுதான் அவசரம்.