பயிற்சி வானில் அந்நிய விமானம்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பழைய ஹேங்கர்
கோப் இந்தியா 2004, அதாவது இந்திய, அமெரிக்க விமானப்படைகள் சேர்ந்து செய்த பயிற்சி, இங்கே பலருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். குவாலியர், பிப்ரவரி. அலாஸ்காவிலிருந்து அமெரிக்காவின் எஃப்-15சி போர் விமானங்கள் வந்திருந்தன. நான் நம் படையின் மிக்-21 பைசன் பக்கம் தரைப்பணி. பறந்துவிட்டு வந்த அமெரிக்க விமானி ஒருவர், நிறுத்தியிருந்த பைசனின் மூக்குக்கு நேர் எதிரே போய் நின்றார். பேசவே இல்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சம் பின்னால் போனார், மறுபடி இன்னும் கொஞ்சம். எதிரே நின்றால் அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு வட்டம், இரண்டு பக்கமும் மெல்லிய கோடு. இறக்கையின் மொத்த அகலமே 7.15 மீட்டர், எஃப்-15க்கு 13. வகுப்பில் படித்திருப்பார், படமும் பார்த்திருப்பார். ஆனாலும் மேலே அது அவர் கண்ணில் சிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த முகம் என்னை இன்னும் விடவில்லை. நம் பையன்கள் ஒரு புது விமானத்தை முதலில் சந்திப்பது பயிற்சியிலா, சண்டையிலா என்று அன்றைக்கு எழுந்த கேள்வியும் போகவில்லை.

பினாங்கு மணி
அண்ணே, எனக்கும் கண் சம்பந்தப்பட்டதுதான். 2014 ஜூன், மலேசியாவின் பட்டர்வொர்த் தளம், அமெரிக்காவோடு நடந்த கோப் தௌஃபான் பயிற்சி. அமெரிக்காவின் எஃப்-22 ராப்டர் வந்திருக்கிறது என்று ஊரே அதைப் பார்க்கப் போனது, நானும் போனேன். மனதில் நின்றது எங்கள் மிக்-29. விமானம் புள்ளியாகி மறைந்துவிட்டது. அது விட்ட கறுப்புப் புகைக்கோடு மட்டும் எங்கே போகிறது என்று காட்டிக்கொண்டே இருந்தது. ராப்டர் போன திசையே தெரியவில்லை. 2017இல் மிக்-29 ஓய்வுபெற்றபோது எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வந்தது.

வான்வேட்டை
குவாலியரில் பத்துக்கு ஒன்பது சண்டையில் நாம்தானே ஜெயித்தோம்? அதை ஏன் ஹேங்கர் ஐயா எழுதவில்லை?

நெல்லிஸ் வேலியோரம்
தம்பி, அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். நான்கு எஃப்-15களுக்கு எதிரே நம் பக்கம் பத்து, பன்னிரண்டு விமானங்கள் ஏறின. அமெரிக்கர்களின் அம்ராம் ஏவுகணையைத் தொலைவிலிருந்து சுட்டதாகக் கணக்கிடுவதும் இல்லை என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். வந்த எஃப்-15களில் ஏசா என்கிற புதுவகை ரேடாரும் இல்லை. பயிற்சி என்றால் அப்படித்தான், ஒரு பக்கத்துக்கு வேண்டுமென்றே கஷ்டம் கொடுப்பார்கள். 2008இல் நம் சுகோய்-30எம்கேஐ அமெரிக்காவின் ரெட் ஃப்ளாக் பயிற்சிக்கு நெவாடாவின் நெல்லிஸ் தளத்துக்கு வந்தபோது, இதே கணக்கைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்து ஆட்கள் பேசினார்கள். அதுவும் தப்புதான்.

நான் பார்த்தது சின்ன விஷயம். நெல்லிஸ் ஓடுபாதையில் எஃப்-35 ஒன்று இறங்கியது, அதன் பின்னாலேயே ஒரு ஏ-4 ஸ்கைஹாக். நியூசிலாந்து விமானப்படை விற்று, தனியார் நிறுவனம் வாங்கி, எதிரி வேடத்தில் பறக்க விட்ட விமானம். கிழட்டு விமானம் என்று நினைத்துவிடாதீர்கள், நியூசிலாந்துக்காரர்கள் அதில் எஃப்-16இன் ரேடாரை வைத்திருந்தார்கள்.

வான்வேட்டை
சரி, கணக்கை விடுகிறேன். ஆனால் பைசனும் சுகோயும்தான் அதிகம் சவாலாக இருந்தன என்று அமெரிக்கர்களே சொன்னார்கள். பைசன் கண்ணுக்குத் தெரியாமல் வந்தது எந்த ஒப்பந்தத்தால், சார்?

ரோஸ்டாக் வாசகன்
என் கதை இரண்டு வரி. படிக்கும் காலத்தில் ஜெர்மனியின் லாகே தளத்தில் ஜெர்மன் சிலுவை போட்ட மிக்-29ஐப் பார்த்தேன். அதன் விமானி தலையைத் திருப்பினால் போதும், பார்க்கிற இடத்தில் ஆர்-73 ஏவுகணை பூட்டிக்கொள்ளும் என்று அங்கிருந்த ஒருவர் தன் கழுத்தைத் திருப்பிக் காட்டினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தம்பி வான்வேட்டை, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எந்தப் பயிற்சிச் செய்தியைப் படித்தாலும் யார் ஜெயித்தார்கள் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, அதற்கப்புறம் எதை மாற்றினார்கள் என்று தேடுங்கள். கிழக்கு ஜெர்மனியின் மிக்-29கள், இரண்டு ஜெர்மனியும் இணைந்த 1990இல் கைக்கு வந்தன. ஆர்-73 எவ்வளவு நல்ல ஏவுகணை என்று தெரிந்ததும், பிரிட்டனோடு சேர்ந்து செய்துகொண்டிருந்த அஸ்ராம் ஏவுகணை வேலையை விட்டு ஜெர்மனி வெளியேறி ஐரிஸ்-டி என்ற வேறு ஏவுகணையின் பக்கம் போனது. பாடம் கிடைத்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அந்த விமானங்களைப் பின்னால் போலந்துக்குத் தலா ஒரு யூரோவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் அமெரிக்க விமானப்படையின் கான்ஸ்டன்ட் பெக் என்ற திட்டத்தைப் பற்றிப் படியுங்கள். நெவாடாவின் டோனோபாவில் 1988 வரை சோவியத் மிக்-17, மிக்-21, மிக்-23 விமானங்களை ரகசியமாக வைத்துப் பறந்தார்கள். வெளியே சொன்னது 2006இல்தான். 15,000 தடவைக்கு மேல் பறந்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவருக்கு முதலில் சண்டையே கிடையாது. மிக் பக்கத்தில் பறந்து, அதைச் சுற்றிப் பார்த்து, அது எப்படித் திரும்புகிறது, எங்கே திணறுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் வேலை. முதல்முறை பார்க்கும்போது கை உறைந்துவிடும், அதை அங்கேயே கழித்துவிட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஹேங்கர் ஐயாவின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் இதுதான்.

இன்னொன்று, படம் எடுக்கும் ஆசை இருந்தால் விமானக் கண்காட்சிகளுக்குப் போங்கள். நம் நாட்டில் தளத்தின் மதிலோரம் கேமராவோடு நிற்காதீர்கள், அலுவல் ரகசியச் சட்டம் விளையாட்டில்லை.