பெற்றவளின் பெயர் எழுதிய சீட்டு கையில் இருக்கிறது: வைத்துக்கொள்ளலாமா, கொடுத்துவிட வேண்டுமா?

காவிரிக்கரை:
என் மகளுக்கு 11 வயது. ஆறு மாதக் கைக்குழந்தையாக காரா (மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையம்) வழியாக எங்களிடம் வந்தாள். தத்துப்பிள்ளை என்பது அவளுக்கு நாலு வயதிலிருந்தே தெரியும், அதில் எங்கள் வீட்டில் ஒளிவுமறைவு இல்லை.

போன வாரம் பள்ளிக்கு ஒரு சான்றிதழ் தேடினேன். தத்து மையம் அப்போது கொடுத்த ஃபைலின் பின்னட்டைக்குள் ஒரு பழைய டிஸ்சார்ஜ் சீட்டு மடித்தபடி ஒட்டிக்கிடந்தது. பெற்றவளின் பெயர், வயது 19, ஊர், அவளுடைய தகப்பனார் பெயர், எல்லாம் அதில் இருக்கிறது. எங்களுக்கு வந்திருக்கக் கூடாத காகிதம். யாரோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

"கிழித்துப் போடு" என்கிறார் கணவர். எனக்குக் கை வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தப் பெயரை ஃபேஸ்புக்கில் தேடினேன். ஒரு முகம் வந்தது. நெற்றி அப்படியே என் மகளுடையது. உடனே மூடிவிட்டேன். அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை.

மகளிடம் இப்போதே சொல்வதா, 18 ஆகட்டும் என்று இருப்பதா? அந்தப் பெண்ணுக்கு "குழந்தை நன்றாக இருக்கிறாள்" என்று ஒரு வரி அனுப்பினால் தப்பா?

தொட்டிலறை:
தத்து மையத்தில் 22 வருடம் சமூகப்பணியாளராக இருந்தவள் நான். தப்புத்தான் அம்மா. அந்த ஒரு வரியை அனுப்பாதீர்கள். சீட்டையும் மையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

குழந்தையை ஒப்புக்கொடுக்க வரும் பெண் குழந்தைகள் நலக்குழு முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவாள். மனம் மாறினால் திரும்பி வர இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அந்த அறையில் அவள் கேட்கும் முதல் கேள்வி, "என் பேர் வெளியே போகாதுல்ல?" என்பதுதான். போகாது என்று எத்தனையோ பேரிடம் நான் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லை நம்பித்தான் குழந்தையைக் குப்பைத்தொட்டியில் போடாமல் எங்கள் கையில் கொடுத்தார்கள்.

இப்போது அவளுக்கு 30 வயது இருக்கும். கல்யாணம் ஆகியிருக்கும். நீங்கள் பாசத்தோடு அனுப்பும் வரியை இரவு ஒன்பது மணிக்கு அவள் போனில் யார் திறந்து படிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

வேர்தேடி:
நான் தத்துப்பிள்ளை. 36 வயது. தொட்டிலறை அம்மாவின் அக்கறை புரிகிறது, ஆனால் சீட்டைக் கொடுத்துவிடச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

24 வயதில் என் ஃபைலைக் கேட்டுப் போனேன். நான் இருந்த மையம் மூடியாகிவிட்டது. காகிதங்கள் இன்னொரு இடத்துக்குப் போனதாகச் சொன்னார்கள். அங்கே போனால் ஒரே ஒரு தாள். "தாய் விவரம்: தெரியாது." என்னை ஒரு தாய் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள் என்பது என் பெற்றோருக்குத் தெரியும், அப்போதே அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் விவரம் இருந்திருக்கிறது, எங்கோ தொலைந்துபோயிருக்கிறது. அதற்காக யார் மேல் நான் கோபப்படுவது?

காவிரிக்கரை அக்கா, அந்தச் சீட்டு உங்களுடையதும் இல்லை, மையத்துடையதும் இல்லை. அது உங்கள் மகளுடையது. அவள் வளரும்வரை பத்திரமாக வைத்திருப்பது மட்டும்தான் உங்கள் வேலை.

தொட்டிலறை:
மகளுடையது என்று எந்த விதியும் சொல்லவில்லையே. 2022 தத்தெடுப்பு விதிகளில் வேர் தேடலுக்கு, அதாவது தத்துப்பிள்ளை தன்னைப் பெற்றவர்களைத் தேடுவதற்கு, வழி இருக்கிறது. 18 ஆனால் பிள்ளை தானே விண்ணப்பிக்கலாம், அதற்கு முன்னால் என்றால் வளர்த்த பெற்றோரோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம். மூன்றாம் ஆள் தேடக் கூடாது. பெற்றவள் தன்னை மறைக்கச் சொல்லியிருந்தால் அவள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். அவள் மறுத்தால், எந்தச் சூழ்நிலையில் கொடுத்தாள் என்பதை மட்டும் சொல்லலாம். பிள்ளையின் உரிமை பெற்றவளின் அந்தரங்க உரிமையை மீறக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. 1984-ல் வெளிநாட்டுத் தத்து பற்றிய லக்ஷ்மி காந்த் பாண்டே வழக்கிலேயே, வளர்ப்பவர்கள் யார் என்று பெற்றவர்களுக்குத் தெரியக் கூடாது, பக்குவ வயது வந்தபின் பிள்ளை கேட்டால் சொல்லலாம் என்றுதான் உச்ச நீதிமன்றம் நினைத்தது.

வேர்தேடி:
1984-ல் ஃபேஸ்புக் இல்லை அம்மா. இங்கிலாந்தில் 18 வயதான தத்துப்பிள்ளை தன் முதல் பிறப்புச் சான்றிதழைப் பார்க்கலாம் என்று 1975-லேயே சட்டம் போட்டார்கள். பழைய தாய்மார்களுக்கு ரகசியம் காப்போம் என்று சொல்லியிருந்த காலத்தையும் சேர்த்துத்தான். நியூசிலாந்து 1985-ல் திறந்தது, ஆனால் விரும்பாதவர்கள் தடை போட்டுக்கொள்ளவும் இடம் வைத்தது. வழி இருக்கிறது. சம்மதம் கேட்கலாம் என்று விதியில் எழுதினால் போதுமா? எங்கே போய்க் கேட்பது என்ற காகிதமே தொலைந்தபின் யாரிடம் சம்மதம் வாங்குவார்கள்?

பெரியவீடு:
இடையில் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் தத்து என்றாலே சொந்தத்துக்குள்தான். பெரியப்பா தன் மூன்றாவது மகனைத் தங்கைக்குக் கொடுத்தார், 1956 இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பத்திரமும் பதிந்தார்கள். ஊருக்கே தெரியும். அவன் ஒரு வீட்டில் "அப்பா" என்பான், இன்னொரு வீட்டில் "மாமா" என்பான். யாரும் கெட்டுப்போகவில்லை. இவ்வளவு பயம் ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

தொட்டிலறை:
உங்கள் பெரியப்பா கல்யாணம் ஆனவர், தங்கையிடம் மனம் ஒப்பிக் கொடுத்தார். நான் பார்த்த பெண்கள் வயிறு தெரியாமல் துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு வந்தவர்கள். இரண்டும் ஒன்றா?

குழந்தைமருத்துவர்:
ஆளை அடையாளம் காட்டும் தகவலையும் உடம்பைப் பற்றிய தகவலையும் ஒரே மூட்டையாகக் கட்டி, கொடு, கொடுக்காதே என்று பேசுகிறோம். பிரிக்கலாமே. என்னிடம் வரும் தத்துப்பிள்ளைகளின் அறிக்கையில் அந்தக் குழந்தைக்குச் செய்த பரிசோதனை முடிவுகள் இருக்கும். தாய்க்குச் சர்க்கரை உண்டா, பெற்றவர்கள் சொந்தத்தில் உறவா, வீட்டில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உண்டா என்ற இடமெல்லாம் நான் பார்த்தவரை பெரும்பாலும் காலிதான். வெளிநாட்டுத் தத்துக்கான 1993 ஹேக் உடன்படிக்கை, பெற்றவர் யார் என்பதோடு மருத்துவ வரலாற்றையும் பாதுகாத்து வைக்கச் சொல்கிறது. இந்தியா 2003-ல் அதை ஏற்றது. உள்ளூர்ப் பிள்ளைக்கு மட்டும் அது வேண்டாமா? பெயர் இல்லாமல் இந்த விவரங்களைக் கேட்டு வாங்க யாருடைய ரகசியத்தையும் உடைக்க வேண்டியதில்லை.

தங்கச்சி:
நான் மறுபக்கத்து ஆள். என் அக்கா 20 வயதில் ஒரு பெண் குழந்தையை ஒப்புக்கொடுத்தாள். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. நானும் அம்மாவும்தான் கூடப் போனோம்.

இப்போது அவளுக்கு இரண்டு பையன்கள். மாமா நல்ல மனிதர், ஆனால் அவரிடம் சொல்லவில்லை. வீட்டில் போன் எல்லார் கையிலும் புழங்கும். பையன்கள் கேம் விளையாடுவார்கள், மாமியார் யூடியூப் பார்ப்பார். காவிரிக்கரை அக்கா அனுப்ப நினைக்கிற அந்த ஒரு வரி அவளுக்கு வந்தால் அவள் அதைப் படிக்கும் முன்னால் வேறு யாராவது படித்துவிடுவார்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

அதற்காக அவள் மறந்துவிட்டாள் என்று யாரும் எழுதாதீர்கள். மாசி மாதம் ஒரு நாள் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்வாள். அன்று நான் போன் செய்தால் என்ன நாள் என்று இரண்டு பேரும் சொல்ல மாட்டோம். கத்தரிக்காய் விலை பேசுவோம்.

வேர்தேடி:
உங்களுக்கு என்ன பதில் எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். நானும் செய்தி அனுப்பச் சொல்லவில்லை. காகிதம் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். தேடுவதும் கதவைத் தட்டுவதும் வேறு வேறு.

ஒன்று கேட்கலாமா? உங்கள் அக்கா பெயரை மறைக்கச் சொன்னது அன்றைக்கு. அதற்கப்புறம் யாராவது அவரிடம் திரும்பக் கேட்டார்களா?

தங்கச்சி:
இல்லை. யாரும் கேட்டதில்லை. திரும்பக் கேட்கலாம் என்பதே எங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது.

வேர்தேடி:
இதைத்தான் சொல்கிறேன். பிரான்சில் பெயர் சொல்லாமலே பிள்ளை பெற்றுக் கொடுக்கலாம், அந்த ரகசியம் சரிதான் என்று 2003-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் சொன்னது. அங்கேயே 2002-ல் ஒரு அமைப்பை வைத்தார்கள். பிள்ளை கேட்டால் அவர்கள் தாயைத் தேடிப்போய், "இன்னும் மறைக்க வேண்டுமா?" என்று தனியாகக் கேட்பார்கள். வேண்டும் என்றால் அதோடு சரி. 19 வயதில் பயந்துபோய்ச் சொன்ன பதில் 40 வயதிலும் அதேதானா என்று கேட்க ஆள் வேண்டாமா?

தொட்டிலறை:
இதில் உங்களோடு சண்டையில்லை. கேட்க வேண்டியது பயிற்சி உள்ள ஆள், ஃபேஸ்புக் அல்ல. ஆனால் சீட்டு வீட்டில் இருக்கக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. இன்று 11 வயது. மூன்று வருடம் கழித்து அம்மாவோடு ஒரு சண்டை வரும், பீரோ திறக்கும், கையில் போன் இருக்கும். இரண்டே நிமிடம். அப்படித் தேடிப்போய், வாசலிலேயே "நீ யாருன்னே தெரியாது" என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வந்த ஒரு பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அவன் இரண்டு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை.

தங்கச்சி:
அம்மா, ஒரு சந்தேகம். அக்கா இப்போது போய் அந்த ஃபைலில் ஏதாவது எழுதி வைக்க முடியுமா? வீட்டு முகவரி இல்லாமல்?

தொட்டிலறை:
எங்கள் மையத்தில் அப்படி மூன்று கடிதம் வாங்கி ஃபைலோடு தைத்து வைத்தோம். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒப்புக்கொடுத்த மையத்துக்கே போய்க் கேளுங்கள், மூடியிருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். உடம்பு விவரம் எழுதலாம். தொடர்புக்கு, அவள் நம்பும் ஒருவருடைய எண் போதும்.

காவிரிக்கரை:
எல்லாரும் எழுதியதை இரவு இரண்டு தடவை படித்தேன். கணவரும் படித்தார், கிழிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

செய்தி அனுப்ப மாட்டேன். அந்த முகத்தை இனித் தேடவும் மாட்டேன். திங்கட்கிழமை சீட்டோடு மையத்துக்குப் போகிறேன். அவர்கள் ஃபைலில் இதே பெயரும் ஊரும் இருக்கிறதா என்று என் கண்ணெதிரே பார்க்கச் சொல்வேன். இருந்தால், இருக்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு சீட்டைக் கொடுத்துவிடுவேன். இல்லையென்றால் கொடுக்க மாட்டேன், வங்கி லாக்கரில் வைப்பேன். மருத்துவர் சொன்ன விவரங்களையும் அப்போதே கேட்கிறேன். மகளிடம், "உன்னைப் பற்றிய காகிதங்கள் பத்திரமாக இருக்கின்றன, நீ கேட்கும்போது சேர்ந்து போவோம்" என்று மட்டும் சொல்லப்போகிறேன்.

தொட்டிலறை:
லாக்கர் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மற்றதெல்லாம் சரி.

வேர்தேடி:
எழுத்தில் வாங்கும்போது கையெழுத்தும் தேதியும் முத்திரையும் இருக்கிறதா பாருங்கள் அக்கா. என் அப்பா வாயால் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

தங்கச்சி:
இன்று அக்காவிடம் பேசினேன். கடிதம் எழுதலாம் என்ற விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "என் நம்பர் வேண்டாம்டி, உன் நம்பரை எழுது" என்றாள்.